தேர்வுகள் எண்களாகும் விதம்: வாழ்க்கைப் பாவனை விளையாட்டுகளின் அறிவியல்

வாழ்க்கைப் பாவனை விளையாட்டு என்பது ஒரு கற்பனைப் பாத்திரத்தின் நாள்களையும் ஆண்டுகளையும் ஆடுபவரின் பொறுப்பில் விடும் கணினி விளையாட்டு. எதிரியைச் சுட்டு வீழ்த்துவதும் பந்தயத்தில் முந்துவதும் இதில் கிடையாது. படிக்கலாமா, வேலைக்குப் போகலாமா, சேமிக்கலாமா, செலவழிக்கலாமா, யாரோடு நட்பு வைக்கலாம், எப்போது ஓய்வெடுக்கலாம் என்பவைதான் இதில் வரும் கேள்விகள். ஒவ்வொரு பதிலும் பாத்திரத்தின் எதிர்காலத்தைக் கொஞ்சம் திருப்பி விடுகிறது. பத்து வயதில் எடுத்த முடிவின் பலன் நாற்பது வயதில் வந்து நிற்கும்.

இந்த விளையாட்டுகள் எல்லாவற்றுக்கும் அடித்தளத்தில் மூன்று உறுப்புகள் உண்டு. முதலாவது நிலை. பாத்திரத்தின் வயது, உடல்நலம், அறிவு, பணம், உறவுகள் ஆகியவற்றைக் குறிக்கும் எண்களின் தொகுப்பு அது. இரண்டாவது விதி. ஒரு செயலைச் செய்தால் எந்த எண் எவ்வளவு ஏறும், எது இறங்கும் என்று அது சொல்லும். மூன்றாவது தேர்வு. எந்த விதியை எப்போது இயக்குவது என்பது ஆடுபவரின் கையில் இருக்கிறது. வாழ்க்கை எதனால் ஆனது, எது எதைப் பாதிக்கிறது என்பதைப் பற்றி விளையாட்டை வடிவமைத்தவர் ஒரு கருத்து வைத்திருக்கிறார். அந்தக் கருத்தைத்தான் இந்த மூன்றும் சேர்ந்து கணக்காக எழுதிக் காட்டுகின்றன. ஆகவே ஒவ்வொரு வாழ்க்கைப் பாவனை விளையாட்டும் வாழ்க்கையைப் பற்றிய ஒரு கருதுகோள்.

பலகையில் பிறந்த கேள்வி

கணினிக்கு முன்பே பலகை விளையாட்டுகள் இந்த வேலையைச் செய்திருக்கின்றன. தமிழ்நாட்டு வீடுகளில் வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழித்து ஆடும் பரமபத சோபானம் அவற்றில் ஒன்று. நற்குணங்கள் ஏணிகளாகவும் தீக்குணங்கள் பாம்புகளாகவும் வரையப்பட்ட பலகை அது. கீழே தொடங்கும் உயிர், மேலே பரமபதத்தை அடைய வேண்டும். ஆனால் காய் எங்கே போய் நிற்கும் என்பதை உருட்டும் தாயக்கட்டைதான் தீர்மானிக்கிறது. ஆடுபவர் எதையும் தேர்ந்தெடுப்பதில்லை. நிலையும் விதியும் இருக்கின்றன, தேர்வு இல்லை.

1860-இல் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் மில்ட்டன் பிராட்லி என்ற கல்லச்சுக்காரர் வெளியிட்ட ‘தி செக்கர்டு கேம் ஆஃப் லைஃப்’ ஒரு படி முன்னே போனது. சதுரங்கப் பலகை போன்ற கட்டங்களில் குழந்தைப் பருவத்தில் தொடங்கி ‘இன்பமான முதுமை’ என்ற கட்டத்தை நோக்கிக் காய் நகரும். பகடை சூதாட்டத்தை நினைவூட்டியதால் பிராட்லி அதற்குப் பதிலாக எண் பொறித்த பம்பரத்தைத் தந்தார். பம்பரம் காட்டும் எண், காய் எந்தெந்தத் திசைகளில் நகரலாம் என்பதை மட்டும் சொல்லும். அவற்றுள் எந்தப் பக்கம் நகர்த்துவது என்பதை ஆடுபவர் முடிவு செய்வார். அதிர்ஷ்டம் வாய்ப்புகளைத் தருகிறது, மனிதர் அவற்றுள் ஒன்றை எடுக்கிறார். இன்றைய வாழ்க்கைப் பாவனை விளையாட்டுகளின் எலும்புக்கூடு இதுவே.

கணினிக்குள் நுழைந்த மனிதர்கள்

1985-இல் ஆக்டிவிஷன் நிறுவனம் டேவிட் கிரேன் வடிவமைத்த ‘லிட்டில் கம்ப்யூட்டர் பீப்பிள்’ விளையாட்டை வெளியிட்டது. திரையில் ஒரு வீட்டின் குறுக்குவெட்டுத் தோற்றம். அதில் ஒரு மனிதரும் அவருடைய நாயும். அவர் தாமாகச் சாப்பிடுவார், கடிதம் எழுதுவார், பியானோ வாசிப்பார். ஆடுபவர் விசைப்பலகையில் வேண்டுகோளைத் தட்டச்சு செய்யலாம். ஆனால் அவர் அதைக் கேட்டே ஆக வேண்டும் என்பதில்லை. ஒவ்வொரு வட்டிலும் வேறு வேறு மனிதர் குடியிருந்தார். கணினிப் பாத்திரத்துக்குச் சொந்த விருப்பம் இருப்பதுபோல் தோன்றச் செய்ததே இதன் சாதனை.

அடுத்த ஆண்டு, 1986-இல், அதே நிறுவனம் வெளியிட்ட ‘ஆல்ட்டர் ஈகோ’ ஒரு முழு வாழ்நாளையும் கையில் எடுத்தது. இதை உருவாக்கிய பீட்டர் ஃபவாரோ ஓர் உளவியலாளர். நூற்றுக்கணக்கான மனிதர்களிடம் வாழ்வில் மறக்க முடியாத அனுபவங்களைக் கேட்டறிந்து, அவற்றைச் சிறு நிகழ்ச்சிகளாக எழுதினார். ஆட்டம் பிறப்பில் தொடங்கி ஏழு பருவங்கள் வழியாக முதுமை வரை செல்லும். ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் என்ன மனநிலையில் இருப்பது, என்ன செய்வது என்று ஆடுபவர் தேர்ந்தெடுப்பார். கோபத்தோடு செய்த உதவியும் அன்போடு செய்த உதவியும் வெவ்வேறு விளைவைத் தரும். தன்னம்பிக்கை, நம்பகத்தன்மை, அறிவாற்றல், குடும்பப் பிணைப்பு போன்ற பண்புகள் பின்னணியில் ஏறி இறங்கும். சிறுவயதில் சேர்த்த தன்னம்பிக்கை, பின்னாளில் ஒரு வேலை கிடைப்பதற்கோ ஓர் உறவு நிலைப்பதற்கோ காரணமாகும். முழுக்க முழுக்க எழுத்தால் ஆன இந்த விளையாட்டின் வழியிலேயே, 2018-இல் வந்து கைப்பேசிகளில் பரவிய ‘பிட்லைஃப்’ நடக்கிறது. ஒரு பொத்தானை அழுத்தினால் ஒரு வயது கூடுகிறது. மகிழ்ச்சி, உடல்நலம், அறிவு, தோற்றம் என்ற நான்கு பட்டைகள் கூடிக் குறைகின்றன.

நேரம் என்னும் செல்வம்

ஜப்பானில் இந்த வகை வேறு திசையில் வளர்ந்தது. 1991-இல் கைனாக்ஸ் நிறுவனத்தில் தகாமி அகாய் உருவாக்கிய ‘பிரின்சஸ் மேக்கர்’, பத்து வயதுச் சிறுமி ஒருத்தியைப் பதினெட்டு வயது வரை வளர்க்கும் பொறுப்பை ஆடுபவருக்குத் தந்தது. 1993-இல் வந்த இரண்டாம் பாகத்தில் ஒவ்வொரு மாதமும் மூன்று பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. எட்டு ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 288 பகுதிகள். ஒவ்வொன்றையும் படிப்பு, வேலை, ஓய்வு என ஏதாவது ஒன்றால் நிரப்ப வேண்டும்.

படிக்க வைக்கப் பணம் வேண்டும். பணம் வேண்டுமென்றால் பெண் வேலைக்குப் போக வேண்டும். வயல் வேலை உடலை வலுவாக்கும், ஆனால் நளினத்தைக் குறைக்கும். ஓய்வில்லாமல் உழைத்தால் மன அழுத்தம் ஏறி அவள் நோயில் விழுவாள். எல்லாவற்றிலும் சிறந்தவளாக ஆக்க 288 பகுதிகள் போதாது. பொருளியலில் வாய்ப்புச் செலவு என்று சொல்லும் கருத்து இங்கே விளையாட்டின் மையமாகிறது. ஒன்றைத் தேர்ந்தால் அதே நேரத்தில் கைவிட்ட மற்றொன்றும் அதன் விலையில் சேர்கிறது. கடைசியில் அவள் அரசியாகலாம், போர்வீராங்கனையாகலாம், எழுத்தாளராகலாம், உழவராகலாம். 70-க்கும் மேற்பட்ட முடிவுகளில் எது வாய்க்கும் என்பதை எட்டு ஆண்டுகளின் கூட்டல் கழித்தல் தீர்மானிக்கும்.

1996 நவம்பரில் பண்டாய் நிறுவனம் வெளியிட்ட ‘தமகோச்சி’ இதே கருத்தை ஒரு முட்டை அளவில் சுருக்கியது. மூன்று பொத்தான்கள் கொண்ட சிறு கருவிக்குள் ஓர் உயிர் வளரும். பசியென்று கூப்பிட்டபோது கவனிக்காமல் விட்டால் அது பிழையாகப் பதிவாகும். அந்தப் பிழைகளின் எண்ணிக்கையும் கொடுத்த ஒழுக்கப் பயிற்சியும் சேர்ந்து, வளர்ந்தபின் அது எந்த வடிவம் எடுக்கும் என்பதை முடிவு செய்யும்.

பொருள்கள் கூவி அழைக்கும் வீடு

1991 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில் பரவிய பெருந்தீயில், நகரம் அமைக்கும் விளையாட்டான ‘சிம்சிட்டி’யை உருவாக்கிய வில் ரைட்டின் வீடு எரிந்து போனது. வாழ்க்கையை மீண்டும் அமைக்கும்போது எந்தப் பொருள் உண்மையில் தேவை, எது தேவையில்லை என்று அவர் யோசிக்க வேண்டியிருந்தது. வீட்டமைப்புக்கும் மனநிறைவுக்கும் உள்ள தொடர்பைப் பற்றிக் கட்டடக் கலைஞர் கிறிஸ்டோஃபர் அலெக்சாண்டர் எழுதியவற்றையும், மனிதத் தேவைகளைப் படிநிலைகளாக அடுக்கிய உளவியலாளர் ஆபிரகாம் மாஸ்லோவின் கோட்பாட்டையும் அவர் துணைக்கொண்டார். 2000 பிப்ரவரியில் வெளியான ‘தி சிம்ஸ்’ இவற்றின் விளைவு.

சிம் எனப்படும் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் எட்டுத் தேவைகள்: பசி, வசதி, சுத்தம், கழிவறை, ஆற்றல், பொழுதுபோக்கு, பிறரோடு பழகுதல், சுற்றுச்சூழல். ஒவ்வொன்றும் −100 முதல் +100 வரையான எண். நேரம் போகப் போக இவற்றுள் பெரும்பாலானவை தாமாகவே இறங்கும். ஆடுபவர் கட்டளை எதுவும் தராதபோது சிம் தானே முடிவெடுக்கும். அது எப்படி என்பதில்தான் இந்த விளையாட்டின் நுட்பம் இருக்கிறது.

எப்படிச் சாப்பிடுவது, எப்போது தூங்குவது என்ற அறிவு சிம்மின் தலைக்குள் இல்லை. அது வீட்டுப் பொருள்களுக்குள் இருக்கிறது. குளிர்சாதனப் பெட்டி “என்னிடம் வந்தால் பசி இவ்வளவு தீரும்” என்றும், தொலைக்காட்சி “என்னிடம் வந்தால் பொழுது இவ்வளவு போகும்” என்றும் இடைவிடாமல் அறிவித்துக்கொண்டே இருக்கின்றன. சந்தையில் கூவும் கடைக்காரர்களைப் போல எல்லாப் பொருள்களும் அழைக்க, சிம் தனக்கு அதிகம் பயன்படுவதை நோக்கி நடக்கிறது. எறும்புகளைப் பற்றி ‘சிம்ஆன்ட்’ என்ற விளையாட்டை 1991-இல் ரைட் உருவாக்கியிருந்தார். தரையில் படிந்த வாசனைத் தடத்தைப் பின்பற்றும் எறும்பின் அறிவு பெரும்பாலும் சூழலில்தான் இருக்கிறது என்ற பாடம் அங்கிருந்து வந்தது.

எளிய எண்களை வைத்து ஒரு காட்சியைப் பார்க்கலாம். மாலை வேளை. ஒரு சிம்மின் பசி −50, கழிவறைத் தேவை −30, பொழுதுபோக்கு +40. குளிர்சாதனப் பெட்டி பசியில் 30 புள்ளிகள் தருவதாகவும், தொலைக்காட்சி பொழுதுபோக்கில் 30 தருவதாகவும், கழிவறை 60 தருவதாகவும் அறிவிக்கின்றன. இந்த எண்களை சிம் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. தேவை எவ்வளவு கடுமையோ அவ்வளவு எடை தந்து பெருக்குகிறது. பசிக்கு எடை 2 என்றால் 60. நிறைந்திருக்கும் பொழுதுபோக்குக்கு எடை 0.3 என்றால் 9 மட்டுமே. கழிவறைக்கு எடை 1.2 என்றால் 72. பிறகு தூரம் குறுக்கே வருகிறது. கழிவறை வீட்டின் மறுகோடியில் இருப்பதால் அதன் மதிப்பு 50-ஆகக் குறைய, அருகில் இருக்கும் குளிர்சாதனப் பெட்டி 54-இல் நிற்கிறது. சிம் சாப்பிடப் போகிறது. சாப்பிட்டு முடிப்பதற்குள் கழிவறைத் தேவை −60-க்கு இறங்கிவிட, அடுத்த கணக்கில் அது முந்திவிடும். எப்போதும் முதலிடத்தையே தேர்ந்தால் நடத்தை இயந்திரம்போல் தெரியும். அதனால் மேலே வந்த சில வாய்ப்புகளுக்குள் ஒன்று குலுக்கல் முறையில் எடுக்கப்படுகிறது.

தேவை கூடும்போது எடை நேர்கோட்டில் ஏறுவதில்லை என்பது இதில் முக்கியம். பட்டினி கிடப்பவருக்கு முதல் இட்லி தரும் நிறைவை ஐந்தாவது இட்லி தருவதில்லை. குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாடு என்று பொருளியல் பாடநூல்கள் விளக்கும் இந்த உண்மை, சிம்மின் ஒவ்வொரு அடியிலும் கணக்காக ஓடுகிறது.

மரபும் மூப்பும்

முதல் ‘சிம்ஸ்’ விளையாட்டில் பெரியவர்களுக்கு மூப்பு கிடையாது, சிறுவர்கள் பெரியவர்களாவதில்லை. 2004-இல் வந்த இரண்டாம் பாகம் காலத்தை உள்ளே கொண்டுவந்தது. சிசு முதல் முதுமை வரை பருவங்கள் வந்தன. முடியின் நிறமும் கண்ணின் நிறமும் மெண்டல் கண்டறிந்த மரபு விதிகளின் எளிய வடிவத்தைப் பின்பற்றின. கறுப்பும் பழுப்பும் ஓங்கு பண்புகள். பொன்னிறமும் செம்மையும் ஒடுங்கு பண்புகள். கறுப்பு முடி கொண்ட பெற்றோருக்குப் பொன்னிற முடியோடு குழந்தை பிறக்கலாம், தாத்தாவிடமிருந்து மறைந்து வந்த மரபணு இருவரிடமும் இருந்தால். பாத்திரங்களுக்கு ஆசைகளும் அச்சங்களும் தரப்பட்டன. 2009-இல் வந்த மூன்றாம் பாகத்தில் 60-க்கும் மேற்பட்ட குணங்களிலிருந்து ஐந்தைப் பொறுக்கி ஓர் ஆளுமையை அமைக்க முடிந்தது.

இதைவிட ஆழமாகப் போனது 1996-இல் பிரிட்டனில் ஸ்டீவ் கிராண்ட் உருவாக்கிய ‘கிரியேச்சர்ஸ்’. அதில் வாழும் நார்ன் எனும் உயிர்களுக்கு ஏறத்தாழ 1,000 நரம்பணுக்கள் கொண்ட செயற்கை மூளையும், பசியையும் வலியையும் உணர்த்தும் வேதிப்பொருள் கணக்கும், குட்டிகளுக்குக் கடத்தப்படும் மரபணுக்களும் இருந்தன. தட்டிக்கொடுத்தால் ஒரு செயலைத் திரும்பச் செய்யும், அடித்தால் தவிர்க்கும். இப்படி நடந்துகொள் என்ற விதியை யாரும் எழுதவில்லை. வளர்ப்பிலிருந்தே பெரும்பாலான நடத்தை உருவானது.

கிளைகள் பெருகும் சிக்கல்

ஒவ்வொரு தேர்வுக்கும் தனிக்கதை எழுதலாமே என்று தோன்றும். கணக்கு அதற்கு இடம் தருவதில்லை. இரண்டு வழிகள் கொண்ட தேர்வு பத்து முறை வந்தால் 1,024 முடிவுகள். இருபது முறை வந்தால் 10,48,576. நாளுக்கு ஒரு முடிவு எழுதும் எழுத்தாளர் அவற்றை முடிக்க 2,870 ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

வடிவமைப்பாளர்கள் இதற்கு மூன்று வழிகளைக் கையாளுகிறார்கள். முதலாவது, பிரிந்த கிளைகளைச் சிறிது தூரத்தில் மீண்டும் ஒன்றாக இணைப்பது. எந்த ஊரில் வேலை பார்த்தாலும் நண்பரின் திருமணம் வந்தே தீரும். ஆனால் அங்கே யார் பேசுவார்கள், யார் முகம் திருப்புவார்கள் என்பது முந்தைய தேர்வைப் பொறுத்தது. இரண்டாவது, தேர்வுகளைக் கதையாக நினைவில் வைக்காமல் எண்ணாகச் சேர்ப்பது. நூறு சிறு முடிவுகள் அறிவு 72 என்ற ஒரே எண்ணில் அடங்கிவிடும். அறிவு 70-ஐத் தாண்டியதா என்ற ஒற்றைக் கேள்வியே கல்லூரியின் கதவைத் திறக்கும். மூன்றாவது, கதையைச் சிறு துண்டுகளாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு நுழைவு நிபந்தனை வைப்பது. வயது 30-க்கு மேல், கடன் இருக்கிறது, தங்கையோடு உறவு நன்றாக இருக்கிறது என்ற மூன்றும் பொருந்தினால் மட்டும் தங்கை உதவ வரும் காட்சி தோன்றும். 2009-இல் லண்டனில் தொடங்கிய ‘ஃபாலன் லண்டன்’ என்ற இணைய விளையாட்டு இந்த முறைக்குப் பெயர் பெற்றது.

2022-இல் வெளியான ‘ஐ வாஸ் எ டீனேஜ் எக்ஸோகாலனிஸ்ட்’ இந்த வழிகளை அழகாகப் பின்னுகிறது. வேற்றுக் கோளில் குடியேறிய ஒரு சிறுவனோ சிறுமியோ பத்து வயதிலிருந்து இருபது வயது வரை வளரும் கதை அது. ஒவ்வோர் அனுபவமும் ஒரு நினைவுச் சீட்டாகக் கையில் சேர்கிறது. பின்னால் வரும் சோதனைகளைச் சந்திக்க அந்தச் சீட்டுகளே கருவி. முந்தைய ஆட்டத்தில் வாழ்ந்த வாழ்வின் நினைவும் மங்கலாகத் தொடர்ந்து வந்து, தடுக்க முடியாமல் போன இழப்பை இம்முறை தடுக்க வழி காட்டுகிறது.

அதிர்ஷ்டத்தின் கணக்கு

தேர்வு மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானித்தால் விளையாட்டு ஒரு வாய்ப்பாடாகிவிடும். எனவே சமவாய்ப்பு எண்கள் நுழைகின்றன. கணினி உருட்டுவது உண்மையான பகடை அல்ல. ஒரு தொடக்க எண்ணை எடுத்து, குறித்த சூத்திரத்தால் அடுத்தடுத்த எண்களை உண்டாக்குகிறது. அதே தொடக்க எண்ணைக் கொடுத்தால் அதே வாழ்க்கை அச்சுப் பிசகாமல் திரும்ப வரும்.

ஆடுபவரின் தேர்வுகள் பெரும்பாலும் விளைவை நேரடியாக மாற்றுவதில்லை. விளைவு நேரும் வாய்ப்பை மாற்றுகின்றன. ஒரு பாத்திரத்துக்கு ஆண்டுதோறும் கடும்நோய் வர 1 விழுக்காடு வாய்ப்பு என்று கொள்வோம். ஐம்பது ஆண்டுகளில் ஒருமுறையாவது அது வரும் வாய்ப்பு ஏறக்குறைய 40 விழுக்காடு. தீய பழக்கம் ஒன்றால் ஆண்டு வாய்ப்பு 2 விழுக்காடானால், அதே ஐம்பது ஆண்டுகளில் அது 64 விழுக்காடாகிறது. எந்த ஒரு தனி ஆண்டிலும் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. வாழ்நாள் முழுவதையும் சில நிமிடங்களில் ஓட்டிக் காட்டும் விளையாட்டு, சிறு வேறுபாடுகள் சேர்ந்து பெரும் வேறுபாடாகும் இந்த உண்மையை உணர வைக்கிறது. காப்பீட்டுக் கணக்காளர்களும் மருத்துவ ஆய்வாளர்களும் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள்.

இதோடு பின்னூட்டச் சுழலும் சேர்கிறது. நல்ல கட்டில் வாங்கிய சிம்முக்குத் தூக்கம் சீக்கிரம் நிறைகிறது. மிச்சமான நேரத்தில் திறமை வளர்கிறது. திறமையால் பதவி உயர்வு, அதனால் பணம், பணத்தால் இன்னும் நல்ல கட்டில். தொடக்கத்தில் இருந்த சிறு மேடு காலப்போக்கில் மலையாகிறது. இதே சுழல் தலைகீழாகவும் சுற்றும். தூக்கம் கெட்டால் வேலை கெடும், வேலை கெட்டால் பணம் குறையும்.

விதிகளுக்குள் இருக்கும் மதிப்பீடுகள்

விதிகளை எழுதுவது மனிதர்கள் என்பதால், அவர்களுடைய காலமும் நம்பிக்கையும் எண்களுக்குள் படிகின்றன. ‘ஆல்ட்டர் ஈகோ’ ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிப் பதிப்புகளாக விற்கப்பட்டது. ‘பிரின்சஸ் மேக்கர்’ பெண்ணின் நளினத்துக்கும் கவர்ச்சிக்கும் மதிப்பெண் போட்டது. ‘தி சிம்ஸ்’ விளையாட்டில் விலை கூடிய பொருள் தேவையை விரைவாகத் தீர்க்கும். ஆனால் பொருள்கள் பெருகும்போது அவற்றைச் சுத்தம் செய்யவும் பழுதுபார்க்கவும் நேரம் கரையும். அதே விளையாட்டு 2000-ஆம் ஆண்டிலேயே ஒரே பாலினத்தவர் இணைந்து வாழவும் இடம் தந்தது.

விதியில் இல்லாதது அந்த உலகிலும் இல்லை. ஒருவர் பிறந்த இடமும் குடும்பமும் அவருக்கு எத்தனை கதவுகளை முன்கூட்டியே மூடிவிடுகின்றன என்பதை விதிகளில் சேர்க்காத விளையாட்டு, முயன்றால் எவரும் எதுவும் ஆகலாம் என்ற முடிவையே ஆட்டந்தோறும் தரும். அது அந்த விளையாட்டின் எடுகோள். உலகத்தைப் பற்றிய சான்று அல்ல. எந்தச் செயலுக்கு எத்தனை புள்ளி, எந்தத் துயரத்துக்கு எத்தனை இழப்பு, எதற்கு எண்ணே இல்லை என்று கவனிக்கும் ஆட்டக்காரர், ஒரு மனிதர் வாழ்க்கையைப் பற்றி என்ன நினைத்தார் என்பதைப் படித்தறிகிறார்.

நினைவு வைத்துக்கொள்ளும் பாத்திரங்கள்

எழுத்துகளிலிருந்து கற்றுப் புதிய வாக்கியங்களை உருவாக்கும் பெரிய மொழி மாதிரிகள் வந்தபின் இத்துறையில் புதிய பாதை திறந்திருக்கிறது. 2023-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கூகுள் ஆய்வாளர்களோடு சேர்ந்து, ‘தி சிம்ஸ்’ பாணியில் ஒரு சிற்றூரை அமைத்து அதில் 25 பாத்திரங்களைக் குடியேற்றினார்கள். மொழி மாதிரியால் இயங்கிய ஒவ்வொரு பாத்திரமும் தான் கண்டதையும் கேட்டதையும் சாதாரண வாக்கியங்களாகக் குறித்துவைத்தது. முடிவெடுக்கும்போது அந்தக் குறிப்புகளிலிருந்து அண்மையானவை, முக்கியமானவை, அப்போதைய சூழலோடு தொடர்புடையவை என்ற மூன்று அளவுகோல்களால் சிலவற்றை மீட்டெடுத்தது. அவ்வப்போது பல நினைவுகளைத் தொகுத்துத் தன்னைப் பற்றியும் பிறரைப் பற்றியும் பொதுக் கருத்துகளை உருவாக்கிக்கொண்டது.

காதலர் தினத்துக்கு ஒரு விருந்து வைக்க வேண்டும் என்ற எண்ணத்தை ஒரே ஒரு பாத்திரத்தின் நினைவில் ஆய்வாளர்கள் விதைத்தார்கள். இரண்டு நாள் ஆட்ட நேரத்தில் செய்தி வாய்வழியாகப் பரவியது. 12 பேர் அழைக்கப்பட்டு, 5 பேர் உரிய நேரத்தில் வந்து சேர்ந்தார்கள். விருந்துக் காட்சியை யாரும் முன்கூட்டி எழுதி வைக்கவில்லை. எண்ணாகச் சுருங்கியிருந்த கடந்த காலம், இந்த முறையில் மீண்டும் நினைவாக விரிகிறது. ஆனால் இங்கும் எதை நினைவில் வைப்பது, எதை முக்கியம் என்று கொள்வது என்ற அளவுகோல்களை மனிதர்களே வகுத்தார்கள். மொழி மாதிரியோ, மனிதர்கள் எழுதிவைத்த எழுத்திலிருந்தே நடத்தையைக் கற்றது.

பம்பரம் சுழன்ற பலகையிலிருந்து பேசிப் பழகும் பாத்திரங்கள் வரை நுட்பங்கள் வெகுவாக மாறியிருக்கின்றன. நிலை, விதி, தேர்வு என்ற மூன்று உறுப்புகள் மாறவில்லை. ஓர் ஆட்டத்தைச் சேமித்து வைத்து, பிடிக்காத முடிவு வந்தால் பழைய இடத்துக்குத் திரும்பலாம். ஒரே பாத்திரத்தை உழவராகவும் மருத்துவராகவும் வாழவைத்து, எந்தத் தேர்வு எங்கே கொண்டுபோய் விட்டது என்று ஒப்பிடலாம். மற்றவை அனைத்தும் அப்படியே இருக்க ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பதுதான் அறிவியல் சோதனையின் அடிப்படை. மனித வாழ்க்கையில் அந்தச் சோதனைக்கு வழியில்லை. ஒருவர் தேர்ந்த பாதையை மட்டுமே அவர் அறிவார், விட்ட பாதையை அறியார். விட்ட பாதையையும் நடந்து பார்க்க இடம் தருவதே வாழ்க்கைப் பாவனை விளையாட்டின் தனிப்பயன். அங்கே கிடைக்கும் விடை எந்த அளவுக்குச் சரி என்பது, அந்த விதிகளை எழுதியவர் வாழ்க்கையை எவ்வளவு கூர்ந்து பார்த்தார் என்பதைப் பொறுத்தது.